புக்கெகோஹியில் மூன்று நிமிடம்: ஒரு லோக்கல் போர்டு கூட்டத்துக்குப் போய்வந்தேன்

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆக்லாந்தின் மேற்கே உள்ள ஹென்டர்சனிலிருந்து தென்கோடிப் புக்கெகோஹிக்குப் போனேன். பார்க்கப் போனது அருவியோ கடற்கரையோ அல்ல, அந்தப் பகுதி லோக்கல் போர்டின் மாதக் கூட்டம். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு நான் கட்டணமில்லாத இடங்களாகத் தேடிப் போகிறவள் என்பது தெரியும். இதற்கும் கட்டணமில்லை. உட்கார நாற்காலி தருகிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சிறு விளக்கம். ஆக்லாந்து முழுவதற்கும் மாநகராட்சி ஒன்றுதான். அதன் கீழே, பகுதிவாரியாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறிய வாரியங்கள் உண்டு. பூங்காவில் ஊஞ்சல் போடுவது, புதுத் தெருவுக்குப் பெயர் வைப்பது, சமூகக் கூடத்தின் கூரையை மாற்றுவது போன்றவை அவர்கள் பாடு. கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் மூன்று நிமிடம் பேசலாம்.

பேசும் எண்ணம் எனக்கு இல்லை. என்னைக் கூப்பிட்டது வாசுகி அக்கா. இரண்டு வருடம் முன்பு, படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த கோடையில், புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரிக்கும் கன்வேயர் பெல்ட்டருகே அவரோடு நின்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். கார் ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், ஊர்ப் பொதுக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்குமாக ஒரு விளையாட்டுக் குழு நடத்துகிறார். வருகிறவர்களில் பதினொரு பேருக்குக் கார் கிடையாது. கூடம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால்தான் வருகிறார்கள். அந்தக் கூடத்தை ஐந்து மாதம் மூடிக் கூரை மாற்றப் போவதாகவும், அதுவரை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு கூடத்தைப் பயன்படுத்தலாம் என்றும் ஓர் அறிவிப்பு வந்திருந்தது.

"பன்னிரண்டு கிலோமீட்டர் எண்டா எங்களுக்குத் தீவின்ர மற்றக் கோடி வெலிங்டன் மாதிரித்தான், தங்கச்சி" என்றார் போனில். "ஐஞ்சு மாசம் விட்டா ஒருத்தரும் திரும்பி வராயினம். நீர் வாருமன். கதைக்க வேண்டாம். ஆளா இருந்தாப் போதும்."

ஆளாக இருப்பது எனக்கு முடிந்த காரியம். சரி என்றேன்.

ஹென்டர்சனிலிருந்து சாலை வழியாக அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயிலில், நகரத்தில் ஒருமுறை மாறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பயண அட்டையில் பத்து டாலருக்குள் முடிந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். பாபகுரா தாண்டும்வரை ஜன்னலில் பார்க்க அதிகம் இல்லை. அதன்பிறகு இரண்டு பக்கமும் வயல். உழுதுபோட்ட மண் செம்பழுப்பாக இருக்கிறது. முட்டைக்கோஸ் வரிசைகள் ரயிலோடு கூடவே வந்து, ஒரு வளைவில் நின்றுவிடுகின்றன. நிலையத்திலிருந்து கடைத்தெரு நடக்கிற தூரம்தான், ஆனால் நடப்பவள் நான் ஒருத்திதான். எல்லோரும் காரில் போகிறார்கள்.

கூட்ட அறை எங்கள் கல்லூரி வகுப்பறை அளவுதான். லாடம் போல ஒரு மேசை, அதைச் சுற்றி உறுப்பினர்கள், ஆளுக்கொரு பெயர்ப்பலகை, சுவரில் பெரிய திரை. பார்வையாளர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். ஒருவரும் என்னை யார், எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. ஊரில், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் வாங்க நான் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். என் வீட்டிலிருந்து அரசு அலுவலகத்தின் வராந்தாவைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா உன்னை உள்ள விட்டது?" அதனால் இங்கே யாரும் கேட்காதது கொஞ்ச நேரம் சங்கடமாகவே இருந்தது.

வாசுகி அக்கா நேசன் அண்ணையின் காரில் வந்து இறங்கினார். நேசன் அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். காய்கறி பொதிசெய்யும் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் அவரை அறிந்திருப்பது மைக்கால். பொங்கல் விழா, பிறந்தநாள், நடனப் பள்ளி ஆண்டுவிழா, எதுவானாலும் மேடையில் அவர்தான். அன்றைக்குக் கோட்டும் டையும் கட்டியிருந்தார். குழுவின் சார்பில் பேசப் பெயர் கொடுத்திருந்ததும் அவர்தான்.

"பேச்சு ரெடியாண்ணா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு ரெடி? மூண்டு நிமிசம்தானே" என்றார்.

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் வாசுகி அக்கா.

சரியாகப் பத்து மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்க, மாவோரி மொழியில் ஒரு வேண்டுதல் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு வராதவர்களின் பெயர், போன கூட்டத்தின் குறிப்பு, யாருக்காவது இன்றைய விஷயங்களில் சொந்த நலன் இருக்கிறதா என்ற கேள்வி. ஒருவர் தன் மைத்துனருக்கு அன்று பெயர் வைக்கவிருந்த புதுத் தெருவில் நிலம் இருக்கிறது என்று சொல்லிவைத்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்.

அடுத்தது பொதுமக்கள் பேசும் நேரம். முதலில் ஒரு விவசாயி. காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார். "என் வேலியோரம் இருக்கிற வடிகால் குழாய் அடைத்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் ஏறுகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும். அவ்வளவுதான்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நன்றி சொன்னார்கள், போய்விட்டார்.

பிறகு நேசன் அண்ணை. நன்றாகவே ஆங்கிலம் பேசினார். தமிழில் தருகிறேன். "பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். துணைத்தலைவர் அவர்களே. அடுத்து, பெயர்ப்பலகைகளை இடமிருந்து வலமாகப் பார்த்து, ஒவ்வொரு உறுப்பினரையும் பெயர் சொல்லி அவர்களே. குறிப்பெடுக்கும் அதிகாரி அவர்களே. எனக்கு முன் அரிய கருத்துகளைப் பகிர்ந்து சென்ற விவசாயப் பெருமகன் அவர்களே. வந்திருக்கும் தாய்மார்களே. தாய்மார்கள் என்றது வாசுகி அக்காவையும், கல்யாணமாகாத என்னையும். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தன் பெயர் வரும்போது நிமிர்ந்து, லேசாகத் தலையசைத்து, அடுத்தவர் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் மேடைகளில் இது மரியாதை. ஒருவர் பெயரை விட்டால் அடுத்த விழாவுக்கு அவர் வரமாட்டார். ஆனால் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விளித்து முடித்தவர் புக்கெகோஹியின் செம்மண்ணுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் இதே நிறத்து மண், அங்கும் வெங்காயம், இங்கும் வெங்காயம் என்றார். இரண்டு மண்ணையும் அவர் இணைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

"இறுதியாக" என்றார் நேசன் அண்ணை.

வாசுகி அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இறுதியா எண்டு துவங்கினா இன்னும் பத்து நிமிசம் போகும்" என்று காதில் சொன்னார். "கூடம் எண்டு இன்னும் ஒரு சொல்லும் வரேல்ல."

இரண்டாவது மணி அடித்தது. தலைவர் மென்மையாக, நேரம் முடிந்துவிட்டது என்றார். நேசன் அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். அந்த அறையில் அவருக்குத் தெரிந்த மேடை வழக்கம் ஒன்றுமே செல்லுபடியாகவில்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்று விதி இருக்கிறது. பச்சைச் சால்வை போட்டிருந்த ஒரு பெண் உறுப்பினர் கையைத் தூக்கினார். "அழகாகப் பேசினீர்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தீர்கள்?"

நேசன் அண்ணை திரும்பி வாசுகி அக்காவைப் பார்த்தார். தலைவர் அக்காவை மேசைக்கு வரச் சொன்னார். அக்காவுக்குத் தெரிந்தது வேலையிடத்து ஆங்கிலம்தான். அதில் மூன்று வாக்கியம் சொன்னார். "சனிக்கிழமை கூடம் திறந்து வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி கூரை வேலை செய்யுங்கள். பதினொரு தாய், கார் இல்லை."

தலைவர் நன்றி சொன்னார். வந்து பேசியதற்கு நன்றி என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வாசுகி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவுதானா? ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. நன்றி எண்டா போ எண்டுதானே அர்த்தம்?" கைப்பையை எடுத்துவிட்டார். இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட்.

நிகழ்ச்சி நிரலை முந்தின வாரமே இணையத்தில் படித்திருந்தேன். "இல்லக்கா. இந்த நேரத்துல முடிவு எடுக்க மாட்டாங்க, கேட்டுக்க மட்டும்தான் செய்வாங்க. கூடம் பதினாலாவதா வருது. அதுவரைக்கும் உட்காரணும்."

"இப்ப எத்தினையாவது?"

"ஒன்பது."

"ஐயோ" என்றார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். நேசன் அண்ணை டையைத் தளர்த்தியபடி பின்வரிசைக்கு வந்தார்.

பயணிகளுக்குச் சொல்கிறேன், இந்த நடுப்பகுதியைத் தவறவிடாதீர்கள். புது வீட்டுமனைத் தெரு ஒன்றுக்கு மூன்று பெயர்கள் வந்திருந்தன. அதில் ஒன்று ஏற்கெனவே உள்ள ஒரு தெருவின் பெயரைப் போலவே ஒலிப்பதால் ஆம்புலன்ஸ் வழிதவறும் என்று இருபது நிமிடம் பேசினார்கள். மைத்துனர் நிலம் உள்ளவர் எழுந்து வெளியே போய், தெருவுக்குப் பெயர் வந்த பிறகுதான் திரும்பினார். பூங்காக் கழிப்பறைக்கு என்ன நிறம் என்று பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. நடுவில் தேநீர் இடைவேளை.

பன்னிரண்டரைக்குப் பதினாலாவது விஷயம். கூடத்தை முழுவதுமாக ஐந்து மாதம் மூட வேண்டும் என்பது அதிகாரியின் பரிந்துரை. பச்சைச் சால்வை கேட்டார்: சனிக்கிழமை வேலை நடக்குமா? திரையில் வந்த பொறியாளர், நடக்காது என்றார். அப்படியானால் ஏன் மூட வேண்டும்? முதல் ஆறு வாரம் தலைக்கு மேல் கூரையே இருக்காது, ஆபத்து. அதற்குப் பிறகு? பொறியாளர் வரைபடத்தைப் புரட்டினார். பிறகு பெரிய அறையைத் திறக்கலாம், சமையலறையைத் திறக்க முடியாது என்றார்.

வேறொரு உறுப்பினர், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொருட்களை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும், வேலை தள்ளிப்போகும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பச்சைச் சால்வை ஒரு திருத்தம் சொல்ல, குறிப்பெடுக்கும் அதிகாரி அதைத் தட்டச்சு செய்தார். சுவர்த்திரையில் எழுத்து எழுத்தாக வந்தது: ஆறு வாரத்துக்குப் பிறகு, சனிக்கிழமைகளில், பெரிய அறையை, இயன்றவரை, திறந்துவைப்பது.

அந்த 'இயன்றவரை' யாரும் சொல்லாமலே வந்தது. பழக்கத்தில் வந்திருக்க வேண்டும். பச்சைச் சால்வை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அந்தச் சொல் வேண்டாம். இருந்தால் யாருக்கும் இயலாது." கர்சர் பின்னால் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தின்றது.

"என்னத்தை அழிக்கினம்?" வாசுகி அக்கா பதறினார்.

"நல்லதுக்குத்தான்கா. பேசாம இருங்க."

ஆதரிப்பவர்கள் என்று தலைவர் கேட்டார். மேசையைச் சுற்றி 'ஆம்' என்று ஒரு முணுமுணுப்பு. எதிர்ப்பவர்கள்? தள்ளிப்போகும் என்றவர் மட்டும் கை தூக்கினார். முடிந்தது. அடுத்தது பதினைந்து, மரம் வெட்டுவது.

வெளியே நடைபாதையில் நான் விளக்கிச் சொன்னேன். முதல் ஆறு வாரம் கிடையாது. பிறகு சனிக்கிழமை உண்டு. சமையலறை கடைசிவரை கிடையாது. அக்கா விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ஆறு கிழமைக்கு என்ன செய்யிறது?"

"என்ர கராஜ் இருக்கு, கூடத்துக்குக் கிட்டத்தான்" என்றார் நேசன் அண்ணை. இரண்டாவது மணிக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. "காரை வெளியில விட்டாப் போச்சு."

"கராஜ் நல்லது. ஆனா துவக்க உரை ஒண்டும் வேண்டாம், அண்ணை."

"சரி சரி" என்று சிரித்தார். "ஒருக்கா வணக்கம் மட்டும் சொல்லுறன்."

அக்கா அங்கேயே நின்று போனை எடுத்தார். முதல் ஆளிடம் "வெண்டிட்டம்" என்று வெற்றியை மட்டும் சொன்னார். இரண்டாவது ஆளிடம் "ஆறு கிழமை இல்லையாம்" என்று ஆரம்பித்தார். மூன்றாவது அழைப்பில்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாநகராட்சி இணையதளத்தில் கூட்ட நாளும் நிரலும் சில நாள் முன்பே வந்துவிடும். உங்கள் விஷயம் எத்தனையாவது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது வரும்வரை எழுந்திருக்காதீர்கள். நன்றி சொன்னால் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. குளிருக்கு மேலாடை வேண்டும். பேசப் போகிறவர்கள், கேட்க வேண்டியதை முதல் வாக்கியத்தில் கேட்டுவிடுங்கள். மரியாதையை மீதி நேரத்தில் செலுத்தலாம். என்னைப் போலப் பேச வராதவர்கள் தயங்க வேண்டாம். உட்கார்ந்திருப்பதையும் அங்கே ஒரு வேலையாக மதிக்கிறார்கள்.

மற்றபடி, ஆறு வாரமும் கராஜில் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் குழு நடந்தது. கார் இல்லாத அந்தப் பதினொரு பேரில் கராஜுக்கு முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள், கடைசி வாரம் பத்துப் பேர். ஒருத்தி மட்டும் இன்னும் வரவில்லை, அக்கா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரத்திலிருந்து கூடத்திலேயே நடக்கிறது, காலை பத்து மணிக்கு. கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் தாராளமாக உள்ளே போகலாம், சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. சமையலறை பூட்டியிருக்கும். பால்போத்தலுக்குச் சுடுதண்ணீர் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.