பிடித்த கன்றை விட்டுவிடும் விளையாட்டு

காலை ஆறு இருபத்தைந்துக்கு, என் மகள் ஏறிப்போன குதிரை அவளில்லாமல் தனியாக ஓடியது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து நானும் மனைவியும் அதை நேரடி ஒளிபரப்பில் பார்த்தோம். கனடாவின் அல்பேர்ட்டாவில் அப்போது முதல்நாள் மாலை. கமரா வெறும் சேணத்தோடு ஓடும் குதிரையைக் காட்டியது, பிறகு சனத்தைக் காட்டியது, பிறகு ஒரு லொறி விளம்பரம். விழுந்த பிள்ளையை மட்டும் காட்டவில்லை.

அவளைக் கணக்கியல் படிக்கத்தான் அனுப்பினோம். பல்கலைக்கழகத்தில் குதிரையில் போய் மாடு பிடிக்கிற ரோடியோக் குழு என்றொன்று இருக்குமென்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு போனால் கெட்டுப்போகும் வழிகளை எல்லாம் யோசித்து வைத்திருந்தோம். மாட்டை யோசிக்கவில்லை.

அந்த விளையாட்டைச் சொல்கிறேன். ஒரு கன்றைக் கம்பிக் கூட்டுக்குள் அடைக்கிறார்கள். கதவைத் திறந்ததும் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பின்னாலே ஒருத்தி குதிரையில் துரத்திப் போய் அதன் கழுத்தில் சுருக்குப் போடுகிறாள். குதிரை சடாரென்று நிற்கிறது. கயிற்றின் மறுநுனி சேணத்தில் ஒரு மெல்லிய நூலால்தான் கட்டப்பட்டிருக்கும். அந்த நூல் அறுந்தால் வெற்றி. கன்று கழுத்தில் கயிற்றோடு ஓடிப்போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், விட்டுவிடுவதற்காகவே பிடிக்கிறார்கள். இதற்குப் பெரிய மனிதர்கள் தொப்பி வைத்து, சோற்றுக் கோப்பை அளவு பக்கிள் வைத்த பெல்ட் கட்டி, எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

மகள் தங்கியிருந்தது என் மனைவியின் தம்பி வீட்டில். இந்தப் பைத்தியத்தை வளர்த்துவிட்டவனும் அவன்தான். ஒருநாள் வீடியோவில் அவனும் அந்தத் தொப்பியோடு வந்து நின்றான்.

"அத்தான், இது இங்கத்தைப் பண்பாடு."

"எங்கட பண்பாட்டில மாட்டுக்குப் பொங்கிப் படைக்கிறனாங்கள், மச்சான். கழுத்தில கயிறு எறியிறேல்லை."

"ஓம் ஓம். வெள்ளவத்தையில பீஃப் கொத்து தின்னுறது ஆர் அத்தான்?"

மனைவி அடுப்படிக்குள் சிரித்தாள்.

அன்று காலை அவனும் அந்த மைதானத்தில்தான் இருந்தான். அழைத்தேன், எடுக்கவில்லை. மகளின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அவனுக்கு எடுத்தபோது ஒரே இரைச்சல்.

"அத்தான், ஒண்டுமில்லை. பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டான்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்லையாம்."

"கேக்க முந்தியே சொன்னவனோ?"

"ஓம்."

"அப்ப ஏதோ இருக்கு."

எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை ஃபோனில் சொல்வதில்லை. செத்தவரையும் 'கொஞ்சம் கடுமை' என்றுதான் சொல்வார்கள். பிறகு நெருங்கிய ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்தவர் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லமாகச் சொல்லுவார். நான் பலருக்கு அப்படிப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

தொலைக்காட்சியில் விளம்பரம் முடிந்து அடுத்த போட்டி தொடங்கியது. இன்னொரு கன்று, இன்னொரு கயிறு, அதே கைதட்டல். அறிவிப்பாளர் எதற்கோ பகிடி விட்டுத் தானே சிரித்தான். ஒரு பிள்ளை மண்ணிலிருந்து எழும்பியதா என்று சொல்ல அவனுக்கு ஒரு வசனம் கிடைக்கவில்லை. அந்த மைதானத்துச் சனம் முழுவதும் எனக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்தது, சோளப்பொரி மென்றுகொண்டிருக்கிற முகம்.

மனைவி அவற்றைப் பார்க்கவில்லை. மகளின் இலக்கத்தையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகிய மணம் வந்தது. நான் அடுப்பை நிறுத்திவிட்டு பல்கனிக்குப் போனேன்.

ஏழரை மணியளவில் கீழே ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. தெஹிவளையிலிருக்கும் மனைவியின் அக்கா இறங்கினாள். வேலை நாள். அந்த நேரத்தில் அவள் கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்குப் போகும் பஸ்ஸில் இருக்கவேண்டியவள். கையில் சாப்பாட்டுக் கரியர்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள்.

பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் பழுதாகிப் போகட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவள் வராதவரைக்கும் என் பிள்ளை இருக்கிறாள். லிஃப்ட் ஒழுங்காக வந்து நின்றது. பெல் அடித்தது.

கதவைத் திறந்த மனைவி தமக்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, கரியரைத்தான் பார்த்தாள். அப்படியே நிலத்தில் குந்திக் குழறி அழத் தொடங்கினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அக்கா கரியரை வாசலில் வைத்துவிட்டு அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி குழறுறாய்? காறை எலும்பு வெடிச்சிருக்காம். அவ்வளவுதான். பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து வாய் ஓயாமல் கதைக்குதாம். ஃபோனில சொன்னாப் பயந்திடுவினம், நேர போய்ச் சொல்லுங்கோ அக்கா எண்டு தம்பிதான் எனக்கு எடுத்தவன்."

"அப்ப இது என்னத்துக்கு?" என்று கரியரைக் காட்டிக் கேட்டேன்.

"இடியப்பமும் சொதியும். விடிய வெள்ளண வாறன், வெறுங்கையோட வாறதே?"