தட்டு வாங்கிப்போன பெண்

எனக்குக் கோவையாக எழுத வராது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. எழுதும்போதே பாதி மறந்துபோகும், கண்ணும் சரியில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஃபோன் ரிப்பேர் கடைக்குப் போனேன். பழுதுபார்க்கக் கொடுத்த என் ஃபோனை வாங்கி வரத்தான். என் தலையைக் கண்டதும் கடைக்காரர், "ஐ கிவ் ஆல்ரெடி லா ஆன்டி, உங்க மருமக காலையிலயே வந்து எடுத்துட்டாங்க" என்றார். மருமகள் எனக்குச் சொல்லவில்லை. ஃபோன் இல்லாதவளை எதில் கூப்பிட்டுச் சொல்வாள், அதுவும் நியாயம்தான். ஆனாலும் வெயிலில் பஸ் ஏறி வந்தவளுக்கு எரிச்சல் வராதா? திரும்பும்போது உள்ளே யாரோ ஈயம் உருக்கி ஒட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

சுங்கை வேயில் நான் வேலை செய்த தொழிற்சாலையிலும் இதே வாடைதான். பக்கத்து வரிசையில் ஈயம் உருக்குவார்கள், எங்கள் வரிசையில் மைக்ராஸ்கோப். முடியைவிட மெல்லிய கம்பியை, கண்ணுக்கே தெரியாத சில்லில், சிப் என்கிறார்களே அதில், ஒட்ட வேண்டும். நாள் முழுக்கக் குழாயில் கண்ணை வைத்திருப்போம். வேலை முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்கெல்லாம் எனக்கு இரண்டிரண்டாகத் தெரியும். லைன் லீடர் ஆனால் அந்தத் தொல்லை இல்லை. எழுந்து நடக்கலாம், சில்லு அடுக்கிய தட்டுகளைக் கொடுக்கலாம், வாங்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கண் போவதற்குள் அந்தக் குழாயை விட்டு எழுந்துவிட வேண்டும்.

ஆனால் லைன் லீடருக்கு இன்டர்வியூ உண்டு. இங்கிலீஷில்.

அதற்காகத்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தம் குவார்ட்டர்ஸின் முன்கூடத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். மாஸ்டர் என்போம். தனியாகப் போக வெட்கப்பட்டு ருக்மணியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் என் வரிசைக்காரி, கம்போங் மேடானில் ஒரே அறையில் குடியிருந்தோம். "லீடர் வேலையெல்லாம் எனக்கு எதுக்குடி, உனக்காக வரேன்" என்று அலுத்துக்கொண்டே வருவாள். பாடம் நடக்கும்போது மாஸ்டர் வீட்டம்மா அடுப்படியில் நெத்திலி பொரிப்பார். இன்றைக்கும் நெத்திலி வாசம் வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, நாக்கு குழறுகிறது.

மாஸ்டர் கடைசியாகப் பிடித்துக்கொண்டது ஒரு வாக்கியத்தை. 'தி கேர்ல் டு ஹூம் ஐ ஹேவ் கிவன் தி ட்ரே ஹேஸ் கோன் ஹோம்.' தமிழில் என்றால், நான் தட்டு கொடுத்த பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா, அவ்வளவுதான். இங்கிலீஷிலோ ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியம். கொடுத்தவள் யார், வாங்கியவள் யார், கொடுத்தாகிவிட்டதா, போயாகிவிட்டதா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததைத்தான் அப்படிச் சொல்லலாம் என்பார் மாஸ்டர். அதனால் பிஸ்கட் டின் மூடியைத் தட்டு என்று வைத்து ருக்மணியிடம் நான் நிஜமாகவே கொடுக்க வேண்டும். அவள் அதை வாங்கிக்கொண்டு நிஜமாகவே வாசலைத் தாண்டிப் போக வேண்டும். அதன் பிறகுதான் நான் வாயைத் திறக்கலாம். நான் 'டு ஹூம்' வரைக்கும் வந்து நிற்பேன். அவள் வெளியே சாக்கடை ஓரம் மூடியும் கையுமாக நிற்பாள்.

"சீக்கிரம் சொல்லித் தொலைடி, கொசு பிடுங்குது" என்று இருட்டிலிருந்து குரல் வரும்.

ஒருவழியாகப் பிசகாமல் வந்தது. மாஸ்டருக்கு என்னைவிடச் சந்தோஷம். "அந்த இன்டர்வியூ ரூம்குள்ள ஒரு வார்த்தை தமிழோ மலாயோ வாயிலேருந்து வரக் கூடாது. வந்துச்சுன்னா வேலை போச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார்.

இன்டர்வியூ வைத்த ஆபீசர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழர்தான் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் தொழிற்சாலையில் அவர் வாயில் தமிழ் வந்து யாரும் கேட்டதில்லை. என்னென்னவோ கேட்டார். நான் என் வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அது பொருந்துகிற கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அவர் காகிதத்தை மூடப்போனார். இதை விட்டால் இனி மைக்ராஸ்கோப்தான் என்று பயந்து, சொல்லிவிட்டேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அவர் நிமிர்ந்தார். "விச் கேர்ல்?" என்றார்.

"ருக்மணி" என்றேன். உண்மைதானே?

தட்டில் இருக்கும் சில்லுகள் காணாமல் போகிறதென்று அப்போது ஒரே கெடுபிடி. ருக்மணி தட்டோடு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து அவர் உடனே வாசல் காவலுக்கு ஃபோன் போட்டார். அது பாடம், பயிற்சி, பிஸ்கட் டின் மூடி என்று சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழ் தொண்டைவரைக்கும் வந்தது. மாஸ்டர் சொன்னதை நினைத்து விழுங்கிவிட்டேன். அங்கே வேலை முடிந்து கிளம்பவிருந்த பஸ் நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, காவலாளி ருக்மணியின் பையைக் கொட்டிச் சோதித்திருக்கிறான். சீப்பும் சோற்றுப் பாத்திரமும் தவிர ஒன்றுமில்லை. அவளை மேலே கூட்டி வந்தார்கள். ஆபீசர் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"சார், ட்ரே ஐ கிவ் பேக் ஆல்ரெடி. லாஸ்ட் வீக், மாஸ்டர் ஹவுஸ். பிஸ்கட் டின் கவர் லா சார். ஷி ப்ராக்டிஸ் ஒன்லி."

ஆபீசர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, இதை முதலே தமிழில சொல்லியிருக்கலாமெல்லோ" என்றார்.

பிறகு ருக்மணியிடம் இன்னும் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆல்ரெடியும் லாவும் போட்டு எங்கள் ஊர் இங்கிலீஷில் அவள் பதில் சொன்னாள். மறுவாரம் லைன் லீடர் அவள்தான்.

வேண்டாம் என்றுதான் சொன்னாளாம், ஆபீசர் விடவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பையைக் கொட்ட வைத்தவள்மேல் அவளுக்கும் இல்லை. தினமும் என் மேசையில் தட்டை வைத்துவிட்டு, "இந்தாடி, ஐ கிவ் ஆல்ரெடி, தொலைச்சிடாத" என்று சிரிப்பாள். என் எரிச்சலெல்லாம் அந்த வாக்கியத்தின்மேல்தான். எத்தனை சனிக்கிழமையை அதற்குக் கொடுத்தேன்! இத்தனை வருஷத்தில் 'டு ஹூம்' என்று என்னிடம் யாரும் பேசியதில்லை, அந்த ஆபீசர்கூட. தொழிற்சாலையை மூடும்வரை நான் குழாயில்தான் கண்ணை வைத்திருந்தேன். இப்போது எழுதுவதையும் தாளில் மூக்கு உரசத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டரின் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. தொழிற்சாலை யாருடைய சரக்குக் கிடங்காகவோ ஆகிவிட்டது. ருக்மணி கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். கடைசியாகப் பார்க்கப் போனபோது, நோயில் படுத்தபடியே என் கையைப் பிடித்து, "தட்டு எங்கடி?" என்று கேட்டாள். தீபாவளிக்கு முன்னால் போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வாசலில் நின்றேன். மாஸ்டரின் அந்த இங்கிலீஷ் வாக்கியம் ஒரு இடத்திலும் திக்காமல் முழுசாக வாயில் வந்தது.

நான் எழுதியதில் இடமோ காலமோ தவறாக இருக்கும். கிள்ளானில் அவளுடைய மகள் இருக்கிறாள். அம்மா சொல்லிச் சிரித்ததை அவளும் கேட்டிருப்பாள். யாராவது அவளிடம் விசாரித்துத் திருத்திவிடுங்கள். அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை மட்டும் தொட வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.