பயந்தாங்கொள்ளி கட்டிய குகை

லிஃப்ட் வந்து நின்றால் அவள் மற்றவர்களை ஏறவிட்டு, அது பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்ட பிறகு படியேறிப் போகிறாள். தியேட்டரில் வெளியே போகும் வழிக்குப் பக்கத்து நாற்காலிதான் வேண்டும். காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தபடி இருக்கும். "இவ கனவுலகூட சீட் பெல்ட் போட்டுக்குவா" என்பான் கணவன்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை, பூங்காவுக்கு வருகிறவர்களை அலறவைக்கும் சவாரிகளை வடிவமைப்பது. அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுகிறார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. "பயமே தெரியாதவன் கட்டின வண்டியில உங்க புள்ளைய ஏத்துவீங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

பூங்காவின் செல்லப்பிள்ளை இருட்டுக் குகை. சின்ன வயதில் அதற்குள் அலறியவர்கள் இப்போது பிள்ளைகளோடு வருகிறார்கள். பிள்ளைகளோ காகிதக்கூழ்ப் பேய்களைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். செங்குத்தாக ஒரு சறுக்கல் வேண்டும் என்றார் முதலாளி. கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் வருவோம் என்றன பள்ளிகள். எதிலும் கை வைக்காதீர்கள் என்றார்கள் பழைய ரசிகர்கள். அவள் குகைக்குள் ஓடும் பழைய சிவப்பு வண்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, செங்குத்தான சறுக்கலையும் சேர்த்து, குகையை ஆழ்கடலாக்கினாள். பேய்கள் போய், நெற்றியில் விளக்கு தொங்கும், கடலைப் பற்றிப் பேசும் மீன்கள் வந்தன.

"பாடம் கேக்கணும்னா பள்ளிக்கூடம் போவான். இங்க எதுக்கு டிக்கெட் எடுக்கிறான்?" என்றார் முதலாளி.

"பயந்த புள்ள காதைப் பொத்திக்கும் சார். முதல்ல விழட்டும். விழுந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் திறக்கும்போது மீன் பேசட்டும்" என்றாள்.

வெள்ளோட்டத்துக்கு ஊழியர்களின் குடும்பங்கள் வந்தன. அவளுடைய அக்கா மகள் மற்றப் பிள்ளைகளோடு முதல் வண்டியில் ஏறினாள். வண்டி சறுக்கி அடிவாரத்தை அடைந்த நேரம் மின்சாரம் போனது. உள்ளே நடப்பதை வெளியே காட்டிய திரையில் எல்லாம் கறுப்பு. இதுவும் சவாரியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவளுக்கு மட்டும் தெரியும்: ஆளில்லாத இரண்டாவது வண்டி சறுக்கலின் உச்சியில், பிள்ளைகளின் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தது. மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை நம்பி ஒரு நிமிஷம்கூட அவளால் வெளியே நிற்க முடியவில்லை.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, டார்ச்சோடு பக்கவாட்டுப் பாதையில் நுழைந்தாள். மேலே இரும்பு முனகியது. திரும்பிவிடலாம் என்று ஒரு மனம் கெஞ்சியது. கீழே பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல், அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் விசும்பத் தொடங்கியிருந்தான்.

மெக்கானிக் பிள்ளைகளின் மடிமேல் இருந்த பாதுகாப்புக் கம்பிகளைக் கையால் விடுவிக்கத் தொடங்கினான். அவள் டார்ச் வெளிச்சத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, மீன் பேச வேண்டியதைத் தானே பேசினாள். "இங்க வெயில் வந்ததே இல்ல. அதனால எங்க விளக்கை நாங்களே சுமக்கிறோம். என் விளக்குக்குப் பின்னாடி ஒவ்வொருத்தரா நீந்தி வாங்க பார்க்கலாம்." விசும்பல் நின்றது.

"சித்தி, உங்க குரல் ஏன் நடுங்குது?" என்றாள் அக்கா மகள்.

"கடலடி இல்லயா கண்ணு, குளிருது."

கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை அவள் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. பார்த்தால் கத்திவிடுவோம் என்று தெரியும். வெளியே வந்ததும் சுவரோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மின்சாரம் திரும்பியபோது இரண்டாவது வண்டி உச்சியில் அசையாமல் நின்றிருந்தது. பிரேக் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஒரு முழம் நழுவியிருந்தது.

முதலாளி பூரித்துப் போயிருந்தார். "பசங்க என்னமா ரசிச்சாங்க. அந்த இருட்டையும் நடந்து வர்றதையும் அப்படியே வெச்சுக்கலாம். திறப்பு விழாத் தேதியில மாத்தம் இல்ல."

அவள் கட்டுப்பாட்டு மேசைக்குப் போய், சவாரியின் சாவியைத் திருகி எடுத்து, தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.