மனப்பாடம் செய்த பதில்களோடு ஆஸ்பத்திரிக்கு

மாதம் ஒரு தடவை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மூன்று மைல்தான். ஆனாலும் காசிக்கு நடந்து போனவர்கள்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டார்கள். இப்படி ஓர் ஆளை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, 1965 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நாங்கள் போன கதையை எழுதுகிறேன்.

அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வயது ஐம்பத்து நான்கு. அதற்குள் எல்லாம் மறக்கிறது. டாக்டர் இதற்கு ஆல்சைமர் என்று ஒரு பெயர் சொன்னார். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம், நாங்களும் அதில் சேர்ந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை, நாலு கேள்வி: எந்த நாடு, என்ன கிழமை, என்ன மாதம், வயது என்ன.

முதல் தடவை போனபோதே ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அம்மாள் என் காதில் போட்டார்: பதில் சொல்லத் தெரியாதவர்களை வார்டிலேயே வைத்துக்கொள்வார்களாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என் பெயரையே மறந்து, ஆறு மாதமாக என்னை 'இந்தாம்மா' என்று கூப்பிடுகிற மனுஷன்தான். அதற்காக வார்டில் விட்டுவிட்டு வர முடியுமா? ஒவ்வொரு மாதமும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். இந்தத் தடவை மலேசியா, திங்கள், ஆகஸ்ட், ஐம்பத்து நான்கு. எந்த நாடு என்றால் அவர் 'சிங்கப்பூர்' என்றுதான் சொல்வார். சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று திட்டித் திட்டி மலேசியாவுக்குக் கொண்டுவந்தேன்.

பதினொன்றரைக்கு டாக்டர். பத்து மணிக்கு சிராங்கூன் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பக்கத்துக் காப்பிக்கடை ரேடியோவைச் சுற்றி ஒரே கூட்டம். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்துவிட்டதாம்! நாட்டுக்கு என்ன ஆகுமோ என்று எல்லோரும் பதறினார்கள். என் கவலை வேறு. நாசமாய்ப் போச்சு, முதல் பதிலே தப்பு!

பஸ் ஏறியதும் அவர் காதோரம் குனிந்தேன். "என்னங்க, இன்னிக்கு சிங்கப்பூர்னு சொல்லுங்க."

"மலேசியா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"அது காலையிலேயே முடிஞ்சுபோச்சு லா, அண்ணே," என்றார் தமிழ்க் கண்டக்டர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சீனர்கள் பட்டாசு கொளுத்திக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். சரம் வெடித்ததுதான் தாமதம், "குண்டு! படு!" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவர் சீட்டுக்குக் கீழே போய்விட்டார். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை. "சங்கு ஊதிட்டாங்க, ப்ளேன் எல்லாம் போயிடுச்சு," என்றேன். சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார்.

டாக்டர் தமிழர், சின்ன வயசு. அவர் முகத்திலும் அன்று தெளிவு இல்லை. "நாட்டை இன்னிக்கு விட்டுடுவோம், எனக்கே குழப்பமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, "இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்றார்.

"மலேசியா."

"என்ன மாசம்?"

"திங்கள்."

"உங்க வயசு?"

"ஆகஸ்ட்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனை மாசமா சொல்லிக் கொடுக்குறீங்க?"

மறைத்துப் பயனில்லை. "ஆரம்பத்துலேர்ந்து."

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! மாத்திரை வேலை செய்யுதுன்னு நினைச்சு இன்னும் பத்து பேருக்குக் கொடுக்க இருந்தேன்."

"அவரு பதில் சொல்லலன்னா வார்டுல வச்சுக்குவீங்களே!" என்று நானும் கத்திவிட்டேன்.

"யாரு சொன்னா? வீட்டுல யாரு பாத்துக்குறா?"

"நான்தான்."

"அப்புறம் நான் எதுக்கு வச்சுக்கணும்? மறக்குறது எப்படின்னு பாக்கத்தானே கூப்பிடுறேன்? வெளிய உக்காருங்க. மறுபடியும் முதல்லேர்ந்து கேக்குறேன்."

கல்யாணமான பிறகு அவரை இன்னொருவரிடம் விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இது எந்த நாடுங்க?" உள்ளே டாக்டரின் குரல்.

"மரகதத்தைக் கேளுங்க."

"கிழமை?"

"மரகதத்துக்குத் தெரியும். வெளிய இருப்பா."

மரகதம் நான்தான். வராந்தா என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். மார்க்கு பூஜ்யம். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், கேள்விக்கு மட்டும் மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஜன்னலோரம் நீங்கள் உட்காருங்கள். குடிக்க ஏதாவது எடுத்துப் போங்கள், அங்கே கிடைக்கிற காப்பி வாயில் வைக்க வழியில்லை. வராந்தாப் பேச்சை நம்பாதீர்கள். பதில் எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். டாக்டர் வெளியே உட்காரச் சொன்னால் தயங்காமல் உட்காருங்கள். கதவு மெல்லியதுதான், உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும்.