சிரட்டைக்கரியில் பேசிய வானொலி

போர்க்காலத் தடையால் மின்சாரம் நின்றுபோய், டோர்ச் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வராதிருந்த காலம் அது. அரியாலையில் எங்கள் வீட்டு வானொலி அலமாரியின் மேல் சும்மா கிடந்தது. பாட்டு இல்லாதது எனக்குப் பெரிய குறையாக இல்லை. மனைவிக்கு மட்டும் வானொலியில் வாசிக்கிற மரண அறிவித்தல் கேட்க வேண்டும். அவளுடைய தாயார் திருகோணமலையில் மூத்த மகளோடு இருந்தார். படுத்த படுக்கை. கடிதம் வந்து மாதக்கணக்காகிவிட்டது. அறிவித்தலில் பெயர் வராவிட்டால் அம்மா இருக்கிறா என்பது அவளுடைய கணக்கு.

அவளுடைய தமையன், என் மச்சான், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதே என் பங்கு. அலுமினியமும் உப்புத் தண்ணீரும் கரியும் காற்றும் சேர்ந்தால் மின்சாரம் வரும் என்றார்.

"காத்துத்தான் மச்சான் இதுக்கு எண்ணெய். அதுக்கு ஒருத்தரும் தடை போடேலாது."

அலுமினியத்துக்குத் தங்கையின் சோற்றுப் பானையைக் கேட்டார்.

"அண்ணை, பிறகு சோறு எதிலை காய்ச்சிறது?"

"உன்ரை மனுசன்ரை தலையிலை வை. அந்தாள் வாய் திறக்காது."

பானையைத் தகடாக வெட்டினோம். சிரட்டைக்கரியை இடித்துத் துணிப்பைகளில் அடைத்து, பழைய பற்றரிகளின் கரிக்கோல்களை நடுவில் செருகி, தகடுகளோடு ஜாம் போத்தல்களில் இறக்கி, கரியில் காற்றுப் படும்படி பாதிக்கு மட்டும் உப்புத் தண்ணீர் விட்டுக் கம்பியால் தொடுத்தோம். பல பின்னேரங்கள் வெறும் கரகரப்புத்தான். கரியை இன்னும் பொடியாக இடித்தோம். சாக்குத் துணியை விட்டுப் பழைய வேட்டிக்கு மாறினோம். ஒருநாள் அறிவிப்பாளர் எங்கள் விறாந்தையில் இருந்து கதைப்பதுபோலக் கேட்டது. ஈரக் கரியின் மணத்தோடு நாங்கள் மூவரும் குனிந்திருந்த அந்தப் பின்னேரங்களைப் போல வேறொன்றும் எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

ஒருநாள், கனநேரம் பேசட்டும் என்று, விளக்குக்கு எண்ணெய் விடுகிற பழக்கத்தில், மனைவி போத்தல்களில் உப்புத் தண்ணீரை வாய்முட்ட விட்டிருந்தாள். எங்களுக்குத் தெரியாது. "திருகோணமலையைப் பிறப்பிடமாகக் கொண்ட திருமதி..." என்றதோடு குரல் தேய்ந்து நின்றது.

மச்சான் போத்தல்களைப் பார்த்தார். "ஆர் தண்ணி விட்டது?"

"நான்தான் அண்ணை."

"கரி மூச்சு முட்டிப்போச்சு, பிள்ளை."

அவர் ஏசவில்லை. அவருக்கும் அது தாய். முடிவில் அறிவித்தல்களை இன்னொரு தடவை வாசிப்பார்கள். அதற்குள் சரிப்பண்ண வேண்டும். அவர் தண்ணீரைச் சரித்து ஊற்ற, நான் பைகளைத் தூக்கிப் பிடித்து விசிறினேன். மனைவி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

குரல் மெல்லத் திரும்பியது. "திருகோணமலையைப் பிறப்பிடமாகக் கொண்ட..." பெயர் கரகரப்பில் போய்விட்டது. "...ஓய்வுபெற்ற தபாலதிபரின் அன்பு மனைவியும்..."

என் மாமனார் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

"தபாலதிபரோ," என்றார் மச்சான். "எங்கடை ஐயா முத்திரை வாங்கவும் தபால் கந்தோருக்குப் போகாத மனுசன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வானொலி நிற்காமல் வாசித்துக்கொண்டு போனது. அந்த அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மகள் இருக்கிறாளாம்.

மனைவியின் சிரிப்பு நின்றது.

"அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலை றேடியோ வேலை செய்யுதோ தெரியாது," என்றாள்.