முட்டியைப் பார்த்து அடி

குகட்பள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பெண் பிள்ளையைக் கால்பந்து கிளப்பில் சேர்க்க நினைக்கிற அம்மாக்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எந்த பூட்ஸ் வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வெயிலில் கறுத்துப் போய்விடுவாளா என்றெல்லாம் கேட்பார்கள். வாய் ஓயாமல் பதில் சொல்வேன். முக்கியமாகச் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு மதுரை. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் இங்கேயே வளர்ந்தவள். நான் பேசுகிற தமிழ் அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரியும், ஆனால் பதில் தெலுங்கில்தான் வரும். கோபம் வந்தால் ஆங்கிலம். தமிழில் அவள் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு வயதில் அவள் தடுப்பாட்டம் ஆடினாள். கிளப்பில் இரண்டு அணிகள். முதல் அணி ஊர் ஊராகப் போய் ஆடும். இரண்டாவது அணி பெரும்பாலும் பயிற்சியோடு சரி. இவள் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், நன்றாக ஓடுகிறாள், ஆனால் மோதுவதற்குப் பயப்படுகிறாள் என்று கோச் சொன்னார். பயப்படுகிறாள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் யாருக்கும் பயந்து வளர்ந்தவள் இல்லை. என் வயிற்றில் பிறந்தது எப்படிப் பயப்படலாம்?

ஹப்சிகுடாவில் நடந்த ஒரு மேட்சில் எதிரணிப் பெண் ஒருத்தி இவள்மேல் மோதிக் கீழே விழுந்தாள். இவள் நின்று, குனிந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்த இடைவெளியில் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். காரில் ஏறியதும் திரும்பி அவளை ஓங்கி அறைந்தேன். பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. அடித்த கையாலேயே டிஷ்யூ பேப்பர் எடுத்துக் கொடுத்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது கணவர். அடுத்த வாரத்திலிருந்து அவர் மேட்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

சேரும்போது பெற்றோர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லித்தரக் கூடாது, கை தட்டலாம், அவ்வளவுதான். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், எல்லோரும் கத்துவார்கள். என்னை இரண்டு தடவை கோச் எச்சரித்தார். மூன்றாவது தடவை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டேன் என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தெலுங்கை விட்டேன், இங்கிலீஷை விட்டேன், தமிழில் கத்த ஆரம்பித்தேன்.

என்ன சொல்கிறேன் என்று கோச்சுக்குப் புரியவில்லை. உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மறி, தள்ளு, முழங்கையைக் கொடு, சட்டையைப் பிடித்து இழு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாமர்த்தியம் எனக்குத்தான். உதை வாங்கியது ஊரார் பிள்ளைகள்.

கடைசியில் ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் மேட்ச். அது முடிந்ததும் முதல் அணிப் பட்டியலைச் சொல்லப் போவதாகக் கோச் அறிவித்திருந்தார். எதிரணியில் ஒன்பதாம் நம்பர் போட்ட ஒரு பெண். என் மகளின் தோளுயரம்தான் இருப்பாள், ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டியிருந்தாள். பந்து காலில் ஒட்டிக்கொண்டதுபோல் ஓடினாள். முதல் பாதியிலேயே இரண்டு தடவை என் மகளைத் தாண்டிப் போனாள், இரண்டாவது தடவை கோல். பக்கத்தில் நின்ற எங்கள் அணி அம்மா ஒருத்தி உச்சுக் கொட்டினாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

“ஏண்டி பாத்துக்கிட்டே நிக்கிற? பந்த விடு. முட்டியப் பாத்து அடி,” என்று கத்தினேன்.

மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவை அவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வை என்றால் ஆட்டுவாளே, அதே தலையாட்டல்.

ஒன்பதாம் நம்பர் மறுபடி பந்தோடு வந்தாள். என் மகள் பந்தைப் பார்க்கவே இல்லை. ஓடிவந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு போய், இரண்டு காலையும் சேர்த்து, ஊன்றியிருந்த காலில் உதைத்தாள். காய்ந்த முருங்கைக் கொம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தக் குழந்தையின் கால், முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவள் முதலில் அழவில்லை. தன் காலைத் தானே பார்த்தாள், பிறகுதான் அலறினாள். அந்த அலறல் வருவதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதிப் பிரயோஜனமில்லை.

நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். எல்லோரும் உள்ளே ஓடினோம். அந்தப் பெண்ணின் அப்பா மண்டியிட்டு மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கோச் என் மகளின் தோளைப் பிடித்து ஏன் இப்படிச் செய்தாய் என்று தெலுங்கில் கேட்டு உலுக்கினார். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அதுவும் தமிழில்.

“நீதானம்மா முட்டியப் பாத்து அடிக்கச் சொன்ன.”

என்ன சொல்கிறாள் என்று கோச் என்னிடம் கேட்டார். கால் வழுக்கிவிட்டது, மன்னிப்புக் கேட்கிறாள் என்று தெலுங்கில் சொன்னேன். யோசிக்கவே இல்லை, தண்ணீர் மாதிரி வந்தது பொய்.

கீழே மண்டியிட்டிருந்த அந்த அப்பா தலையைத் தூக்காமலே பேசினார். “பொய் நக்கோம்மா, வேண்டாம். நாங்களும் தமிழ்தான், மூணு தலைமுறையா சிகந்தராபாத். மொதல்லேர்ந்து நீங்க சொன்னது பூரா கேட்டுட்டுதான் இருந்தேன்.”

கோச்சிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மகளைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். அவர் மனைவி மட்டும் திரும்பி வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டார். காது அடைத்துப்போனது. எதற்காக அடித்தார் என்று எங்கள் பக்கத்தில் எனக்கும் என் மகளுக்கும்தான் தெரியும். எங்கள் அணிப் பெற்றோர்கள் எனக்காகப் பாய்ந்தார்கள். ஒருவர் அந்தம்மாவின் கையை முறுக்கினார். அவர்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில் பறந்து வந்து ஒருவரின் மூக்கை உடைத்தது. ஆண்கள் சட்டைக் காலரைப் பிடித்து உருண்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள். நிறுத்துங்கள், தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் மகள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கோச் போன் செய்தார். அவளுக்கு இரண்டு மேட்ச் தடை, அது பெரிய விஷயமில்லை, அதன்பிறகு முதல் அணியில் ஆடுவாள் என்றார். அந்தக் குழந்தைக்கு நடந்தது பாவம்தான், ஆனால் உங்கள் பெண்ணுக்கு ஒருவழியாகப் பயம் விட்டுவிட்டது என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து கணித வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முதல் அணியில் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அடுத்து யார அடிக்கணும்மா?” என்று தமிழில் கேட்டாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. நான் யாரையாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள்.