ஓமத்தண்ணிக்கு அடங்காத வயிறு

பெண் பார்க்க வருகிறவர்கள் போகும்வரை நான் பின்னறையில் இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். அவள் மகளுக்குத் தருவைகுளத்திலிருந்து வரன் வந்திருந்தது.

"வயித்தப் பாத்ததும் கேப்பாவ. ரத்தத்துல உள்ள சீக்குன்னா குடும்பத்துக்கே உண்டும்னு நெனப்பாவ, ஏளா."

"கேட்டா சொல்லுதேன்" என்றேன்.

"நீ சொல்லிட்டுப் போயிருவ. பெறகு எம்பிள்ளைல்லா வீட்டோட இருக்கணும்."

அதனால் அக்கா மகளிடமே கேட்டேன். "ஒளிச்சு வச்சுக் கெட்டுத கல்யாணம் எனக்கு வேண்டாம் சித்தி" என்றாள். அது போதுமாக இருந்தது.

உப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உப்பில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு என்று சொல்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது. என் ரத்தத்தைப் பற்றியும் அப்படித்தான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிருமிகளை எதிர்க்க வேண்டிய பி-செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் கெட்டுப்போய், சாகவேண்டிய காலத்தில் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. நுண்ணோக்கியில் அவற்றின் ஓரத்தில் மெல்லிய மயிர் போலத் தெரிவதால் ஹேரி செல் லுக்கீமியா என்று பெயர். அரிதானது, மெதுவாக வளர்வது. அந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் போய் அடைகின்றன. என் இடது விலாவுக்குக் கீழே இருந்த புடைப்பு வீங்கிய மண்ணீரல்தான். ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கினால் சில நாள் மருந்து ஏற்றுவார்கள். அதுவரை அவ்வப்போது பரிசோதனை. இதில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் எது என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

வந்தவர்களுக்கு நான்தான் காப்பி கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வயிறு என்ன, வாயுவா? ஓமத்தண்ணி குடிங்க."

"ஓமத்தண்ணிக்கு அடங்காது மதினி. ரத்தப்புற்று. மண்ணீரல் வீங்கியிருக்கு."

மாப்பிள்ளையின் மாமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

"வம்சத்துல வாரதா?" என்றார் அந்த அம்மா.

"இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப அத எழுதி வாங்கித் தாங்க."

அக்கா உடனே தலையாட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தரமாட்டேன். எங்க பிள்ளைக்கு எதுக்கு சர்டிபிகேட்? செவ்வாய்க்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறேன். சந்தேகம் இருந்தா கூட வாங்க. நீங்களே கேளுங்க."

பிறகு சொல்லுகிறோம் என்று எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை வரை அக்கா என்னோடு பேசவில்லை.

அந்த அம்மா வருவார் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். உள்ளே போனதும் என்னைப் பேசவிடவில்லை.

"சார், இவுகளுக்கு வந்தது இவுக அக்கா பிள்ளைக்கு வருமா?"

"இது பரம்பரையா வர்ற நோய் இல்லம்மா. இவங்க அணுவுல இடையில ஏற்பட்ட மாற்றம்."

"தொட்டா ஒட்டுமா?"

"ஒட்டாது. இவங்களுக்குத்தான் மத்தவங்ககிட்டேருந்து சளி, காய்ச்சல் ஒட்டாம பாத்துக்கணும்."

"அப்ப சர்ச்சுல கல்யாணப் பூசைக்கு இவுக கூட்டத்துல வரலாமா?"

"மாஸ்க் போட்டுக்கிட்டு வரட்டும்."

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "மாஸ்க்கோட நின்னா போட்டோ நல்லாவா இருக்கும்? ஓரமா நின்னுக்கிடுங்க."

"நடுவுலதான் நிப்பேன் மதினி" என்றேன்.